கேள்வி பதில்: ஒரு கன்ட்ரோலர், எத்தனை ரோபோக்கள்?

கேள்வி: பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் பிஸ்கட் அடுக்கும் இயந்திரங்களைச் செய்யும் சிறு நிறுவனம் எங்களுடையது. துமகூரு சாலையில் நடந்த இம்டெக்ஸ் இயந்திரக் கண்காட்சியில் ஒரு விற்பனையாளர் தந்த கையேட்டில், ஒரே மெஷின் கன்ட்ரோலர் (இயந்திரம் முழுவதையும் இயக்கும் தொழிற்கணினி) 8 டெல்டா ரோபோக்களை (மேலிருந்து தொங்கும் மூன்று கைகளால் பொருளை எடுத்து வைப்பவை) இயக்கும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எங்களுக்குத் தேவை 6. இதை நம்பி ஒன்றே ஒன்று வாங்கலாமா?

பதில்: கையேட்டிலுள்ள 8 என்பது மென்பொருள் ஏற்றுக்கொள்ளும் உச்ச எண்ணிக்கை, உங்கள் இயந்திரத்தில் எட்டும் ஓடும் என்ற உறுதிமொழி அன்று. கண்காட்சி அரங்கில் ஓடும் ரோபோவுக்குப் பெரும்பாலும் கேமராவும் இருக்காது, பொருளுக்கேற்ப இயந்திர அமைப்புகளை மாற்றும் திரையும் இருக்காது, தொழிற்சாலையின் மையக் கணினிக்கு விவரம் அனுப்பும் வேலையும் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கன்ட்ரோலர் ஒரு குறித்த சுழற்சி நேரத்தில், அதாவது 1, 2 அல்லது 4 மில்லிவினாடிக்கு ஒருமுறை, ரோபோவின் நுனி அடுத்து எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, அந்த இடத்தை ஒவ்வொரு மோட்டாரின் கோணமாக மாற்றி, மோட்டார்களை ஓட்டும் சர்வோ டிரைவ்களுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு சுழற்சியில் வேலை முடியாவிட்டால் இயந்திரம் பிழை காட்டி நின்றுவிடும். ஆகவே ஒரு ரோபோ சுழற்சியில் எத்தனை மைக்ரோவினாடியைத் தின்கிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும். எண்ணிக்கை அதிலிருந்து தானாக வரும்.

அதை அளக்க எளிய வழி உண்டு. விற்பனையாளரிடமிருந்து கன்ட்ரோலரைச் சோதனைக்கு வாங்கி, உங்கள் முழு நிரலோடு முதலில் ஒரு ரோபோவையும் பிறகு இரண்டையும் ஓட்டி, ஒவ்வொரு முறையும் பதிவாகும் அதிகபட்ச இயக்க நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி இங்கே உதவாது. கணக்குக்காக, ஒரு ரோபோவுக்கு 460, இரண்டுக்கு 640 மைக்ரோவினாடி வந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசமான 180 ஒரு ரோபோவின் செலவு. 460இல் அதைக் கழித்தால் கிடைக்கும் 280, ரோபோ இல்லாவிட்டாலும் ஆகும் அடிப்படைச் செலவு. சுழற்சியில் 60 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமலிருப்பது என் வழக்கம். 2 மில்லிவினாடிச் சுழற்சியில் அப்படிக் கிடைக்கும் 1200 மைக்ரோவினாடியிலிருந்து 280ஐக் கழித்து 180ஆல் வகுத்தால் 5 ரோபோக்கள் அடங்கும். சுழற்சியை 1 மில்லிவினாடியாகக் குறைத்தால் 600இல் 280 போக மிஞ்சுவது 320 மட்டுமே. அதில் ஒன்றுதான் அடங்கும். நேரம் பாதியானால் எண்ணிக்கையும் பாதியாகும் என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் அடிப்படைச் செலவு சுழற்சியோடு சேர்ந்து சுருங்குவதில்லை. 4 மில்லிவினாடியில் கணக்கு 11 என்று சொல்லும். அப்போது கையேட்டின் 8தான் உங்கள் வரம்பு.

இணைப்புக் கம்பி போதுமா என்ற கவலை இங்கே தேவையில்லை. கன்ட்ரோலரையும் டிரைவ்களையும் இணைக்கும் ஈதர்கேட் வலையமைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட், அதாவது ஒரு மைக்ரோவினாடிக்கு 12.5 பைட். டெல்டாவுக்கு மூன்று கைகளும் ஒரு சுழல் அச்சும் சேர்ந்து நான்கு அச்சுகள், அதாவது தனி மோட்டாரால் இயங்கும் நான்கு அசைவுகள். ஆறு ரோபோக்களுக்கு 24, பிஸ்கட்டைக் கொண்டுசெல்லும் இரு கன்வேயர்களையும் கூட்டினால் 26 அச்சுகள். போகவும் வரவும் அச்சுக்கு 40 பைட் என்று தாராளமாக வைத்தாலும், 1040 பைட் கடக்க ஏறத்தாழ 83 மைக்ரோவினாடி போதும்.

ஆறு தேவை, ஐந்துதான் அடங்கும் என்று உங்கள் அளவீடும் சொன்னால், 4 மில்லிவினாடிக்கு மாறுவதில் பெரிய இழப்பில்லை. நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடும் கன்வேயரில் பிஸ்கட் அந்த இடைவெளியில் 2 மில்லிமீட்டர் நகரும்; தாமதம் மாறாததாக இருந்தால், கன்வேயரின் நகர்வை அளக்கும் என்கோடர் தரும் நிலையை வைத்து நிரலிலேயே அதை ஈடுகட்டலாம். மாறிக்கொண்டேயிருக்கும் தாமதத்தைத்தான் ஈடுகட்ட முடியாது.

ஆனாலும் ஆறுக்கும் ஒரே கன்ட்ரோலர் வேண்டாம் என்பதே என் கருத்து. அது பழுதானால் ஆறும் ஒன்றாக நிற்கும். பேக்கரி அடுப்பிலிருந்து பிஸ்கட் வந்துகொண்டேயிருக்கும். கன்ட்ரோலர் ஒன்றுக்கு மூன்று ரோபோ என்று இரண்டு வைத்தால், பாதி வரிசையாவது ஓடும்.

கேள்வி: எங்கள் பொம்மசந்திரா பட்டறையில் ஆறு அச்சு வெல்டிங் ரோபோக்கள் நான்கு, ஒவ்வொன்றும் தனிக் கன்ட்ரோலரோடு இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு ஒரே மெஷின் கன்ட்ரோலரில் இணைக்க முடியுமா?

பதில்: முயல வேண்டாம். கையின் எடைப் பகிர்வும் துல்லியத் திருத்தங்களும் பெரும்பாலும் ரோபோத் தயாரிப்பாளரின் கன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கின்றன. மோட்டார் என்கோடர்களின் தகவல் முறையும் பல நேரம் அவர்களுக்கே உரியது. தனிக் கன்ட்ரோலர்களை அப்படியே விட்டு, மெஷின் கன்ட்ரோலரிலிருந்து தொடங்கு, நிறுத்து, எந்த வேலை என்ற கட்டளைகளை மட்டும் அனுப்பினால், அதன் மீது சுமை மிகக் குறைவு. நான்கு என்ன, பத்து ரோபோக்களையும் அது தாங்கும். ஒரே பொருளில் இரண்டு கைகள் அசைவுக்கு அசைவு ஒத்துப்போக வேண்டுமென்றால் மட்டும், தயாரிப்பாளரின் கூட்டுக் கன்ட்ரோலரை நாடுங்கள்: ஏ.பி.பி.யின் ஐ.ஆர்.சி.5 நான்கு ரோபோக்கள் வரையிலும், யாஸ்காவாவின் டி.எக்ஸ்.200 எட்டு ரோபோக்கள், 72 அச்சுகள் வரையிலும் இயக்கும்.