நானோ துகள் போஸ்டர்: கரைசல் நிறம் மாறினால் போதுமா?

இலைச்சாறில் சில்வர் நைட்ரேட் கலந்ததும் பழுப்பாகிவிட்டது, வெள்ளி நானோ துகள் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் அளக்கப்படும் நுண்துகள்) உருவானதாகச் சொல்லிக் கல்லூரி சிம்போசியத்தில் போஸ்டர் வைக்க இது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பல இலைச்சாறுகள் சும்மா வைத்திருந்தாலே காற்றுபட்டுக் கறுக்கும். விஷயம் தெரிந்த நடுவர் முதலில் கேட்பது "கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி) எங்கே?" என்றுதான்.

மூன்று குடுவை வையுங்கள். ஒன்றில் 90 மில்லி சில்வர் நைட்ரேட் கரைசலும் 10 மில்லி சாறும். இரண்டாவதில் அதே அளவு சாறு, சில்வருக்குப் பதில் தண்ணீர். மூன்றாவதில் சாறுக்குப் பதில் தண்ணீர். 1 மில்லிமோலார் (செறிவின் அலகு) சில்வர் நைட்ரேட் கரைசல் 100 மில்லிக்கு 17 மில்லிகிராம் உப்புதான் வேண்டும். அவ்வளவு சிறிய எடையில் பிழை வரும். 170 மில்லிகிராம் எடுத்து 100 மில்லியில் கரைத்து, பத்து மடங்கு நீர்க்கச் செய்வது நல்லது. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள குளோரைடு சில்வரோடு சேர்ந்து வெள்ளையாகக் கலங்கிவிடும்.

யுவி-விஸ் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் சோதனை) எடுக்கும்போது உறிஞ்சல் அளவு 1-க்குள் வரும்படி நீர்க்கச் செய்யுங்கள். கோள வடிவ வெள்ளித் துகளுக்கு உச்சி 400–450 நானோமீட்டரில் வரும். அது அகன்று வலப்பக்கம் நகர்ந்தால், பெரும்பாலும் துகள்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பேஸ்லைனுக்கு (கழித்துப் பார்க்கும் அடிப்படை அளவுக்கு) வெறும் தண்ணீரை விட, அதே அளவு நீர்த்த சாறே சரி.

எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் சிதறும் கோணங்களை வைத்துப் படிகத்தை அடையாளம் காணும் சோதனை) 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் வெள்ளியின் உச்சிகள் இருக்க வேண்டும். 32.2-ல் பெரிதாக ஒன்று நின்றால் அது சில்வர் குளோரைடு. இலையிலேயே குளோரைடு உண்டு.

அதிகம் சறுக்குவது ஷெரர் கணக்கில், அதாவது எக்ஸ்ஆர்டி உச்சியின் அகலத்தை வைத்துப் படிகத்தின் அளவைக் காணும் சூத்திரத்தில். 38.1 டிகிரி உச்சியின் அரை உயர அகலம் 0.5 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதை ரேடியனாக்கினால் 0.0087, காப்பர் எக்ஸ் கதிருக்கு (0.15406 நானோமீட்டர்) படிக அளவு சுமார் 17 நானோமீட்டர். ரேடியனாக்க மறந்தால் 0.29 நானோமீட்டர் வரும். வெள்ளியின் அலகுக் கூடே (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்) 0.409 நானோமீட்டர்! அதைவிடச் சின்னப் படிகம் எப்படி இருக்கும்? சூத்திரத்திலுள்ள கொசைனுக்குள் 38.1-ஐ அப்படியே போடாமல் பாதியாக்கவும் வேண்டும்.

டிஎல்எஸ் (கரைசலில் மிதக்கும் துகளின் அளவை ஒளிச்சிதறலால் காண்பது) அளவு டிஇஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) அளவைவிடக் கூடுதலாக வந்தால் பயப்படாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். டிஎல்எஸ் மேற்பூச்சையும் கூடவே நகரும் நீர்ப்படலத்தையும் சேர்த்து அளக்கிறது. லேசர் அடித்து டிண்டால் விளைவு (துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் கதிரின் பாதை கோடாகத் தெரிவது) காட்டுவது கூட்டம் சேர்க்கும். ஆதாரம் ஆகாது, நீர்த்த பாலிலும் அதே கோடு தெரியும்.