குடற்புழு இருக்கும் ஆட்டின் உடலில் ஈயம் குறைவாகச் சேருமா?

கேள்வி: குடலில் புழு இருக்கும் விலங்குகளின் உடலில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் குறைவாகவே சேரும் என்று படித்தேன். உண்மையா? அப்படியானால் என் ஆடுகளுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுக்காமல் விட்டுவிடலாமா?

முதல் கேள்விக்கு: சில புழுக்களைப் பொறுத்தவரை உண்மை. இரண்டாவதற்கு: தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கால்நடை மருத்துவத்தில் ஒட்டுண்ணியியல்தான் என் பாடம் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் படித்த செய்தியின் ஊற்று அநேகமாக ஜெர்மனியின் ரூர் ஆறுதான். 1990களில் பெர்ன்ட் சூரஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கே பிடித்த 'சப்' மீன்களை (கெண்டைக்கு உறவு) அறுத்துப் பார்த்தார்கள். மீனின் தசையில் இருந்ததைப் போல ஏறத்தாழ 2700 மடங்கு ஈயமும் 400 மடங்கு காட்மியமும் அதன் குடற்புழுவில் இருந்தன.

அந்தப் புழுவின் பெயர் பொம்போரிங்கஸ் லேவிஸ். முள்தலைப் புழுக்களில் ஒன்று. ஆரஞ்சு நிறம், ஓரிரு சென்டிமீட்டர் நீளம். முள் நிறைந்த மூக்கைக் குடல் சுவருக்குள் செருகி, கழுத்தை உருண்டையாக உப்பவைத்துக்கொள்ளும். குடலைத் திறக்கும் முன்பே வெளிப்புறத்தில் சின்னச் சின்ன முண்டுகளாக அது தெரியும். இடுக்கியால் இழுத்தால் குடல் கிழியுமே தவிர புழு எளிதில் வராது.

இதற்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. உணவு முழுவதையும் தோல் வழியாகவே உறிஞ்சுகிறது. கொலஸ்டிராலைத் தானாகத் தயாரிக்கவும் அதற்குத் தெரியாது. எனவே மீனின் பித்தநீரை நம்பிப் பிழைக்கிறது. மீனின் செவுள் வழியே நுழையும் ஈயம் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து பித்தநீரோடு சேர்ந்து குடலில் இறங்குகிறது. புழு இல்லாத மீனில் அதில் ஒரு பங்கு குடல் சுவர் வழியாக மறுபடியும் உடலுக்குள் ஏறிவிடும். புழு இருந்தால் அது முந்திக்கொள்கிறது. ஈயம் கலந்த நீரில் மீன்களை வளர்த்துச் செய்த சோதனையிலும், புழு இருந்த மீன்களின் குடல் சுவரில் ஈயம் குறைவாகவே இருந்தது.

இந்த 2700 என்ற எண்ணைப் பார்த்துப் பலரும் மயங்கிவிடுகிறார்கள். அது செறிவு, மொத்த அளவு அல்ல. கணக்குக்காக ஒரு புழு 10 மில்லிகிராம், மீனின் சதை 300 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து புழுக்கள் சேர்ந்தால் 135 கிராம் சதையில் இருக்கும் அளவு ஈயத்தை வைத்திருக்கும். நூறு புழுக்கள் என்றால் மொத்தச் சதையில் இருப்பதைப் போல ஒன்பது மடங்கு. ஆக, எத்தனை புழு என்பதைப் பொறுத்தே எல்லாம். இதில் இன்னொன்றும் உண்டு: தசையில் இந்த உலோகங்கள் இயல்பாகவே குறைவு. ஈயம் எலும்பிலும், காட்மியம் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும்தான் போய்த் தங்கும். தசையோடு ஒப்பிட்டால் மடங்கு பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

புழுவால் நன்மை என்பதற்கு இதைவிட விசித்திரமான சாட்சி தென் ஸ்பெயினில் இருக்கிறது. ரியோ டின்டோ ஆற்றின் முகத்துவாரப் பகுதி, காலங்காலமாக நடந்த சுரங்க வேலையால் உலோகக் கழிவு மண்டிய இடம். அங்குள்ள உப்பளங்களில் வாழும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிர், நாடாப்புழுவின் இளம்பருவத்தைச் சுமக்கும்போது ஆர்சனிக்கை நன்றாகவே தாங்குகிறது என்று 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் அதே புழு அதைச் சிவப்பாக்கி, நீரின் மேற்பரப்புக்கு வரவழைத்துப் பறவைக்கு இரையாக்கியும் விடுகிறது. இதை நன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி உங்கள் ஆடுகள். நம் ஊர் ஆடுகளை அதிகம் வாட்டுவது ஹீமோன்கஸ் என்ற உருளைப்புழு. அது முள்தலைப் புழு இனமே அல்ல. உடலைச் சுற்றித் தடித்த உறை கொண்டது, வாயால் இரத்தம் குடிப்பது. அது இருப்பதும் குடலில் அல்ல, நான்காம் இரைப்பையில். பித்தநீர் வந்து சேரும் இடம் அதற்கும் கீழே. பித்தநீரில் வரும் ஈயத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பே அதற்கு இல்லை.

கெடுதலோ நிச்சயம். ஆட்டின் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் போல வெளுத்திருந்தால் இரத்தசோகை. முற்றினால் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். உடலில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் ஈயத்தையும் காட்மியத்தையும் வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே இழுக்கும். அதாவது இந்தப் புழுவால் உலோகம் குறைவதற்குப் பதிலாகக் கூடவே வாய்ப்பு.

ஆடுகளில் மோனீசியா என்ற நாடாப்புழுவும் உண்டு; சாணத்தில் வெந்த அரிசி போலத் துண்டு துண்டாக விழும். அது சிறுகுடலில் இருந்துகொண்டு தோல் வழியே உறிஞ்சுவதுதான், ஈயத்தையும் ஓரளவு எடுத்துக்கொள்ளும். ஆனால் குட்டியின் வளர்ச்சியை விலையாகக் கொடுத்து அந்த உதவியைப் பெற வேண்டுமா?

ஈயத்தைப் பற்றிய அச்சம் உண்மையிலேயே இருந்தால் மேய்ச்சல் இடத்தைப் பாருங்கள். பழைய பேட்டரி உடைக்கும் இடம், உரிந்து விழும் பழைய பெயின்ட், இவை பக்கத்தில் இருந்தால் ஆடுகளை அங்கே விடாதீர்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் இரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். புழுவுக்கு, சாணத்தைப் பரிசோதித்த பிறகு, ஆட்டின் எடைக்கேற்ற அளவில் மருந்து கொடுங்கள்.