அலை ஏறினா காணாம போற ரன்வே

கேள்வி: கடற்கரை மணல்லயே பயணிகள் பிளேன் இறங்குற ஊர் ஒண்ணு இருக்குன்னு என் தம்பி சொல்றான். நிஜமா சார், டயர் புதைஞ்சிடாதா? - வாசகி, தூத்துக்குடி

பதில்: தம்பி சொன்னது நிஜம்தாம்மா. ஸ்காட்லாந்துக்கு மேற்கே பாரான்னு ஒரு சின்னத் தீவு, மொத்தமே ஆயிரத்து சொச்சம் பேர்தான். 1936லருந்து அங்க ஏர்போர்ட்னா அது கடற்கரைதான். நீர் வத்துனதும் ஈர மணல் நல்லா கெட்டிப்பட்டு நிக்கும், அதனால டயர் புதையாது, மூணு ரன்வே இருக்கு, ரெண்டு முனையிலயும் மரக்கம்பம் நட்டிருக்காங்க, அவ்ளோதான் அடையாளம். அலை ஏறினா மூணும் தண்ணிக்குள்ள போயிடும், அதனால பிளேன் டைமிங்கே கடலைப் பார்த்துதான் போடறாங்க! கிளாஸ்கோவிலருந்து ட்வின் ஆட்டர்ங்கிற 19 சீட் குட்டி பிளேன் வருது, ஒரு மணி நேரம் சொச்சம்தான், அதுவே ஸ்காட்லாந்துல ஓபன் (Oban)ங்கிற ஊர்த் துறைமுகத்துலருந்து கப்பல்னா அஞ்சு மணி நேரம் கிட்ட ஆயிடும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், அதே மணல்ல ஊர்க்காரங்க மட்டி பொறுக்குவாங்க. காத்து திசை காட்டுற துணிப்பை மேல பறந்துச்சுன்னா பிளேன் வருதுன்னு அர்த்தம், எல்லாரும் மணலை விட்டு விலகிடணும். ரன்வேல லைட் கிடையாது, பகல்லதான் சர்வீஸ். ராத்திரி அவசரம்னு பிளேன் வந்தாகணும்னா காருங்களை நிறுத்தி ஹெட்லைட் போட்டு வெளிச்சம் காட்டுவாங்களாம், அதைப் படிச்சப்ப நிஜமாவே நெஞ்சு நெகிழ்ந்துடுச்சும்மா.