நிதி நின்றது, கூத்து வகுப்பை என்ன செய்வது?

கேள்வி: செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். சனி, ஞாயிறுகளில் 45 பிள்ளைகளுக்குத் தெருக்கூத்தும் பறையும் சொல்லித் தருகிறோம். ஆளுக்கொரு கலையாக இரண்டு வாத்தியார்கள். மூன்று வருடமாக ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவன சமூகப் பொறுப்பு) நிதியில் ஓடியது. இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வருடச் செலவு சுமார் 4,86,000 ரூபாய், கணக்கை இணைத்துள்ளேன். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா? பிள்ளைகளைக் கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று நிகழ்ச்சிகளுக்கு அனுப்பி அந்த வருமானத்தில் ஓட்டலாம் என்கிறார் எங்கள் அறங்காவலர் ஒருவர். அது சரிவருமா?

பதில்: முதலில் உங்கள் கணக்கு. வாத்தியார்களுக்கு மாதம் 7,000 வீதம் வருடத்துக்கு 1,68,000. ஆண்டு விழாவுக்கு 1,60,000. பந்தல், சீரியல் செட், மைக் செட், பொன்னாடை, விருந்து என்று ஒரே ராத்திரியில் போன பணம், வருடம் முழுக்கச் சொல்லித் தந்த இருவருக்கும் கொடுத்ததை ஏறக்குறைய எட்டிவிடுகிறது. நிதி தந்தவர்கள் மேடையில் உட்கார ஒரு விழா தேவைப்பட்டிருக்கும், புரிகிறது. இப்போது அவர்களும் இல்லை.

மற்றவை: வெளியூர்ப் பயணம் 50,000, சுண்டலும் பாலும் 43,200, வாடகை 30,000, வாத்தியப் பராமரிப்பு 20,000, ஆடிட்டர் 15,000. இவற்றில் எதை வெட்டினாலும் வாத்தியார் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். பணம் சுருங்கினால் பல அமைப்புகள் செய்வது தலைகீழ். விழாவை விட்டுக்கொடுக்க மனம் வராமல், ‘இரண்டு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கலைஞரிடம் போய் நிற்பார்கள். அவர் பொறுத்துக்கொள்வார், முகம் கோணமாட்டார், மூன்றாவது மாதம் வேறு வேலைக்குப் போய்விடுவார். அடவும் பாட்டும் தெரிந்த ஆளை அதே சம்பளத்துக்கு மறுபடி பிடிப்பது லேசில்லை.

உங்கள் பகுதியில் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. பங்குனியிலிருந்து ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும் காலம். இரவெல்லாம் ஆடிவிட்டு வரும் கலைஞரைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வகுப்புக்கு வரச்சொல்வது கொடுமை. ஆடி தாண்டினால் ஆட்டம் குறையும், கையில் காசும் குறையும். அதனால் கூத்து வகுப்புகளை ஆவணி முதல் மாசி வரை அடர்த்தியாக வைத்து, சீசனில் மாதம் ஒன்றோ இரண்டோ ஆக்குங்கள். சம்பளத்தைப் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவாகக் கொடுங்கள். பறை வகுப்பு வழக்கம்போல் நடக்கட்டும். வாத்தியார்கள் இருவரும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினர்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய உதவுவது உங்களுக்குச் செலவில்லாத காரியம், அவர்களுக்குப் பெரிய காரியம்.

வாத்தியப் பராமரிப்பையும் தொடாதீர்கள். மழைக்காலத்தில் தொய்ந்துபோன தோலை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் பறை கற்க முடியாது. கூத்து உடுப்பு வேறு விஷயம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய புஜக்கட்டையும் (தோள் அணி) கிரீடமும் பெரியவர்களுக்கு. பயிற்சிக்கு அட்டையில் பிள்ளைகளே வெட்டி ஒட்டி, ஜிகினா ஒட்டிக்கொள்ளலாம். அதுவே ஒரு மாத ஓவிய வகுப்பாகிவிடும்.

வாடகையை ஒழிக்க ஊர் அரசுப் பள்ளியை அணுகுங்கள். தலைமை ஆசிரியரிடம் மட்டும் பேசினால் அவர் தயங்குவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அங்கே தீர்மானமாகக் கொண்டுவந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதிலுக்குப் பள்ளிக்கும் ஒன்று கொடுக்கலாம். 2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. அதற்குப் பிள்ளைகளைத் தயார்செய்து தருகிறோம் என்று சொல்லுங்கள். சுண்டலைப் பெற்றோர் முறைவைத்துக் கொண்டுவரட்டும். மாதக் கட்டணம் வசூலிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். 50 ரூபாய் என்றாலும் முதலில் நின்றுபோவது எந்த வீட்டுப் பிள்ளை என்று உங்களுக்கே தெரியும்.

ஆக, இன்றியமையாதது சம்பளம், வாத்தியம், ஆடிட்டர். மூன்றும் சேர்த்து 2,03,000. மாதம் சுமார் 16,900. இந்தத் தொகையைத்தான் நீங்கள் நிரந்தரமாகத் தேட வேண்டும்.

மாதம் 200 ரூபாய் தரும் 85 பேர் கிடைத்தால் 17,000 ஆயிற்று. ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செய்யாறு, ஆரணி கடைக்காரர்கள் என்று பெயர் எழுதத் தொடங்கினால் 85 பெரிய எண்ணாகத் தெரியாது. மாதாமாதம் தானாகவே பணம் வரும்படி யுபிஐ ஆட்டோபே போட்டுத் தரச்சொல்லுங்கள். மாதாமாதம் நினைவூட்டி வாங்குவதென்றால் நான்காம் மாதம் இருவருக்கும் சங்கடம். ஒருவர் நின்றால் 200 போகும், வகுப்பு நிற்காது. ஒரே நிறுவனத்தை நம்பி இருந்ததில் இந்த வசதி உங்களுக்கு இல்லை. பணம் தருபவர்களுக்கு மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடக் காணொளியும் வரவு செலவும் போதும். பிள்ளைகளின் முகத்தோடு பெயரும் ஊரும் சேர்த்துப் பொதுவெளியில் போட வேண்டாம். பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

கொடையாளர்களிடம், நன்கொடைக்கு வருமான வரியில் கிடைக்கும் 80ஜி சலுகையை முன்வைத்துப் பேசாதீர்கள். 2023-24 முதல் புதிய வரிமுறைதான் இயல்பாகப் பொருந்தும், அதில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அவர்களுக்கும் இல்லை. அதற்காக 80ஜி பதிவைக் கைவிட்டுவிடாதீர்கள். நன்கொடை விவர அறிக்கையை வருடந்தோறும் மே 31க்குள் தாக்கல் செய்யுங்கள். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய், அதாவது உங்கள் கொடையாளர் ஒருவரின் ஒரு மாதப் பணம். 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வருவதால் நமக்குப் பழகிய பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டு ரசீது புத்தகத்தைத் திருத்துங்கள்.

சிங்கப்பூர்ப் பணத்துக்கு வருவோம். இங்கேதான் பல சிறிய அறக்கட்டளைகள் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன. அனுப்புபவர் எங்கே இருக்கிறார் என்பதைவிட எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் முக்கியம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர், நிரந்தரவாசியாக இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலும் சொந்தச் சேமிப்பு என்ற ஒரு வரிக் கடிதமும் கோப்பில் இருக்கட்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றுவிட்டவர் என்றால், அவர் உங்கள் ஊரில் பிறந்தவராக இருந்தாலும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் தொடக்கூடாது. பதிவு பெற மூன்று வருடச் செயல்பாடும், அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். உங்கள் கணக்குப்படி மூன்று வருடமும் கூட்டினால் அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறீர்கள். ‘ஊரில் என் தம்பி கணக்குக்கு அனுப்புகிறேன், அவன் தருவான்’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். கை மாறி வந்தாலும் அது வெளிநாட்டுப் பணமே. குடியுரிமை மாறியவர்களை இந்தியாவுக்கு வரும்போது ஒரு நாள் வகுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், அதோடு போதும்.

அறங்காவலரின் யோசனைக்கு என் பதில்: வேண்டாம். பிள்ளைகள் மேடையேறுவது வேறு, பிள்ளைகள் ஆடிய கூலியில் அறக்கட்டளை ஓடுவது வேறு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்கள் கலைஞராகப் பங்கேற்க விலக்கு தருகிறது. ஆனால் அதற்கான விதிகளைப் பாருங்கள். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். படம், தொலைக்காட்சி போன்றவற்றை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. கல்யாண நிகழ்ச்சி இதில் அடங்குமா என்று அதிகாரி முன் வாதாடும் நிலைக்கு நீங்கள் போவானேன்? விடிய விடிய நடக்கும் கூத்து எந்தக் கணக்கிலும் 5 மணி நேரத்துக்குள் அடங்காது. கட்சிக் கூட்டத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தேர்தல் பணிகளில் குழந்தைகளை எந்த வடிவிலும் ஈடுபடுத்தக்கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரியில் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அறக்கட்டளையின் பெயரும் அன்றோடு ஒரு கொடியின் கீழ் போய்விடும்.

அப்படியானால் பிள்ளைகள் எங்கே ஆடுவது? ஊர்த் திருவிழாவில். மேடையும் விளக்கும் மைக்கும் அங்கே ஏற்கெனவே இருக்கும். மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை பிள்ளைகள் கூத்து, பிறகு பெரியவர்கள் ஜமா (கூத்துக் குழு). இதுவே உங்கள் ஆண்டு விழா, செலவு முகப்பூச்சுக்கும் தேநீருக்கும்தான். ஒரு நிபந்தனை. கூத்துக்கு மேடை, பறைக்குத் தெருமுனை என்று விழாக் குழு பிரித்தால் இரண்டையுமே ஆடாமல் திரும்பி வாருங்கள். ஒரே வகுப்பில் சேர்ந்து கற்ற பிள்ளைகளை ஊர் முன்னால் அப்படிப் பிரித்து நிறுத்தும் மேடை இலவசமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்.

சிஎஸ்ஆர் கதவை மூடிவிட வேண்டாம், ஆனால் சம்பளத்துக்கு அதை நம்பாதீர்கள். புதுப் பறைகள், ஆர்மோனியம், உடுப்பு, ஒரு கோடைமுகாம் என ஒருமுறைச் செலவுகளுக்குக் கேளுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது தெளிவாக இடம்பெற்றிருக்கிறது. நிறுவனம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது 135ஆம் பிரிவு. தொலைவில் தேடுவதற்கு முன் செய்யாறு சிப்காட்டில் இருக்கும் தொழிற்சாலைகளின் மனிதவள அதிகாரிகளைப் போய்ப் பாருங்கள். அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளே உங்கள் வகுப்பில் இருந்தால் அதைவிடச் சிறந்த விண்ணப்பம் இல்லை. சிஎஸ்ஆர் நிதி வாங்கும் அமைப்புகள் செய்ய வேண்டிய சிஎஸ்ஆர்-1 பதிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

அரசுத் திட்டங்கள் உதவும், ஆனால் நேரத்துக்கு வரும் என்று எண்ணி மாதக் கணக்குப் போடாதீர்கள். தஞ்சாவூர் தென்னகப் பண்பாட்டு மையத்தின் குரு சிஷ்யப் பரம்பரைத் திட்டம் உங்கள் கூத்து வாத்தியாருக்குப் பொருந்தக்கூடும். டெல்லியில் உள்ள மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் சிசிஆர்டி நிறுவனம் 10 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக் கலைப் பயிற்சிக்கு உதவித்தொகை தருகிறது. பணம் பிள்ளைக்குப் போகும், உங்களுக்கு வராது. இருந்தாலும் நன்றாக ஆடும் இரண்டு மூன்று பேரை விண்ணப்பிக்க வையுங்கள். மாவட்டக் கலை மன்றத்தின் கலை இளமணி விருது 18 வயது வரை உள்ளவர்களுக்கு. உங்கள் பிள்ளை ஒன்று அதை வாங்கிவிட்டால் 200 ரூபாய் கேட்கப் போகும்போது பேச்சு சுலபமாகும்.

கடைசியாக ஒரு வேலை. நின்றுபோன அந்த நிறுவனத்துக்கு மூன்றாம் வருடத்தின் பயன்பாட்டுச் சான்றிதழையும் நிறைவறிக்கையையும் அனுப்பிவிட்டீர்களா? மனக்கசப்பில் தள்ளிப்போடாதீர்கள். சிப்காட்டில் நீங்கள் சந்திக்கப்போகும் அதிகாரி, முன்பு நிதி தந்தது யார் என்று கேட்டு அவர்களுக்குத்தான் முதலில் போன் போடுவார்.