ஊசி போட்டும் கோவிட் வந்ததே, அது வீணா?

எம்ஆர்என்ஏ வகை கோவிட் தடுப்பூசி போட்ட 8 மாதத்தில் அம்மாவுக்குக் கோவிட் வந்துவிட்டது, ஊசி வீணா, மரபணுவை மாற்றிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லைங்க. எம்ஆர்என்ஏ என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு; அது செல்லின் உட்கருவுக்குள் போவதில்லை. நம் மரபணுக்கள் அடங்கிய டிஎன்ஏ இருப்பது அங்கேதான். உட்கருவுக்கு வெளியே உள்ள ரைபோசோம்கள் (செல்லில் புரதம் செய்யும் அமைப்புகள்) எம்ஆர்என்ஏவைப் படித்து, வைரஸின் மேற்பரப்பில் உள்ள ஸ்பைக் புரதத்தை மட்டும் செய்கின்றன. அப்புறம் எம்ஆர்என்ஏ சிதைந்துவிடும்.

அந்தப் புரதத்தைப் பார்த்துத்தான் உடல் ஆன்டிபாடிகளை, அதாவது வைரஸைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்களை, உருவாக்குகிறது. மாதங்கள் போகப்போக அவை குறையும், வைரஸும் உருமாறும். அதனால் தொற்று வரலாம். ஆனால் வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்களும், தொற்றிய செல்களை அழிக்க உதவும் டி செல்களும் தயாராக இருக்கும். நோய் முற்றாமல் பார்த்துக்கொள்வதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

அம்மாவுக்கு 70 வயது என்பதால் இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ஆன்டிவைரல் (வைரஸ் எதிர்ப்பு) மாத்திரை தேவைப்பட்டால் அறிகுறி தொடங்கிய 5 நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள்.