நாலு ஸ்ட்ரோக் குட்டி எஞ்சின்: காற்று எங்கே ஒழுகுது?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் காரேஜில் சின்ன லேத் வைத்துக்கொண்டு எஞ்சின் செய்பவர்களின் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாமே ஒரே எஞ்சினை வைத்து: ஒற்றை சிலிண்டர், பெட்ரோல், போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 24 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்) 24 மி.மீ. (சுமார் 10.9 சி.சி.), மேலே தண்ணீர்த் தொட்டி, வார்ப்பிரும்பு லைனர் (பிஸ்டன் ஓடும் குழாய்), அலுமினியம் பிஸ்டன். உங்கள் அளவு வேறென்றால் விகிதம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து: அண்ணா, எல்லாத்தையும் வரைபடப்படி அளந்துதான் செய்தேன். ஸ்பார்க் நீலமா வருது. ஆனா ஒரு 'பட்' கூட இல்லை. கார்புரேட்டரை மாத்தணுமா?

கார்புரேட்டரைத் தொடாதீங்க தம்பி. ஃப்ளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கம்ப்ரெஷன் வரும் இடத்தில் கை தடுக்கப்படணும், விட்டால் ஃப்ளைவீல் பின்னால் துள்ளணும். வெண்ணெயில் கத்தி போவது போல் வழுக்கிக்கொண்டு போனால் காற்று ஒழுகுகிறது. அது நிற்கும்வரை ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து உள்ளே டயர் வால்வ் ஒன்றைப் பற்றாசு வைத்து ஒட்டுங்கள். பிஸ்டனை மேல் உச்சத்தில் நிறுத்துங்கள். கம்ப்ரெஷன் உச்சமாக இருக்கணும், எக்ஸாஸ்ட் முடியும் உச்சம் ஆகாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டு டாப்பெட்டும் (வால்வைத் தள்ளும் துண்டுகள்) தளர்வாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு 2 பார் காற்று கொடுங்கள். அந்த அழுத்தத்தில் பிஸ்டன் மேல் சுமார் 9 கிலோ விசை இறங்கும். உச்சத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் ஃப்ளைவீல் சட்டென்று சுற்றும், விரலை ஆரங்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையால் தேடுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறல் என்றால் இன்லெட் வால்வ். சைலன்ஸரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ். கிராங்க்கேஸ் (கிராங்க் சுற்றும் கீழ்ப்பெட்டி) மூச்சுத் துளையில் என்றால் பிஸ்டன் ரிங். ஹெட் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழ் வரும்.

ஃபீனிக்ஸிலிருந்து: அந்தச் சோதனையில் எக்ஸாஸ்ட் வால்வ் என்று தெரிந்தது. மூன்று தடவை பேஸ்ட் போட்டு அரைத்துவிட்டேன், இன்னும் சீறுகிறது.

அரைத்ததுதான் கெடுத்தது. கிரைண்டிங் பேஸ்ட் உயரமான இடத்தை மட்டும் தின்னாது, வால்வ் முகத்தில் பள்ளம் போடும், வால்வ் உட்காரும் சீட்டையும் அகலமாக்கும். அகலமான சீட்டில் ஸ்பிரிங்கின் விசை பரவிப்போய் எங்கும் இறுக்கமாக உட்காராது. இந்த அளவு எஞ்சினுக்கு சீட் அகலம் 0.4 மி.மீ. போதும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் சென்டர் விலகல். வால்வ் தண்டு வழுக்கும் கைடின் துளையை ஒரு நாள் போட்டு, சீட்டை இன்னொரு நாள் வேறு பிடியில் வெட்டினால் இரண்டும் ஒரே மையத்தில் இருக்காது. வெண்கலக் கைடை ஹெட்டில் அழுத்திய பிறகு 3 மி.மீ. ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) விடுங்கள். பிறகு அதே துளைக்குள் வழுக்கிப்போகும் பைலட் (வழிகாட்டிக் கம்பி) கொண்ட 45 டிகிரி கட்டரை கையாலேயே நாலைந்து சுற்று சுற்றுங்கள். வால்வின் தண்டையும் 45 டிகிரி முகத்தையும் லேத் சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் திருப்பணும். தண்டுக்கும் கைடுக்கும் 0.02 முதல் 0.03 மி.மீ. இடைவெளி போதும். கடைசியில் உலோகப் பாலிஷ் தடவி விரலால் பத்துத் தரம் திருப்பினால் போதும், முகத்தில் முறியாத மெல்லிய சாம்பல் வளையம் தெரியும். ஹெட்டைத் தலைகீழாக வைத்துக் குழியில் பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் போர்ட் பக்கம் ஈரம் வரக்கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: ஐயா, ரிங் செய்யும்போது பாதிக்குப் பாதி உடைகிறது. மாட்டினதும் சரியாகப் பிடிப்பதில்லை.

நல்ல சாம்பல் வார்ப்பிரும்புக் கம்பியிலிருந்து எடுங்கள், பழைய ஜன்னல் எடைக்கட்டியில் கடினப் புள்ளிகள் இருக்கும். வெளி விட்டம் லைனரின் போருக்குச் சரியாக, அதாவது 24.00. உள் விட்டம் 22.0, சுவர் தடிப்பு 1 மி.மீ. இந்த விகிதத்தை மீறித் தடிப்பாக்கினால் பிஸ்டனில் ஏற்றும்போது உடையும், மெல்லியதாக்கினால் விறைப்பு இருக்காது. 1.05 மி.மீ. அகலத்தில் வெட்டியெடுத்து, கண்ணாடிமேல் 600 எண் உப்புத்தாளும் எண்ணெயும் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்து 1.00க்குக் கொண்டுவாருங்கள்.

ரிங்கை ரம்பத்தால் அறுக்காதீர்கள், வாய் (வெட்டின இடைவெளி) அகலமாகிவிடும். ஊசிமுனை ஃபைலால் ஒரு கீறல் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து வளைத்தால் சட்டென்று சுத்தமாக முறியும். ரிங்கை லைனருக்குள் தள்ளி ஃபீலர் கேஜால் வாயை அளங்கள், 0.1 மி.மீ. இருக்கணும். குறைவென்றால் சூட்டில் முனைகள் முட்டி லைனரைச் சுரண்டும்.

விறைப்பைக் கொடுப்பது சூடுதான். வாயில் சுமார் 3.5 மி.மீ. கம்பியைச் செருகி விரித்து, இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இருட்டில் மட்டும் தெரியும் மங்கல் சிவப்பு வரும்வரை டார்ச் பிடித்து, தானாக ஆறவிடுங்கள். தண்ணீரில் போட்டால் அவ்வளவுதான். ஆறின பிறகு கம்பியை எடுத்தாலும் வாய் விரிந்தே நிற்கணும். லைனருக்குள் வைத்துக் கீழிருந்து டார்ச் லைட் அடித்துப் பாருங்கள். வாயைத் தவிர வேறெங்கும் வெளிச்சம் கசிந்தால் அந்த ரிங் பிஸ்டனுக்குப் போகக்கூடாது.

பிஸ்டனின் பள்ளத்தில் பக்க இடைவெளி 0.025, ஆழம் 1.2. மாட்டும்போது டப்பாத் தகட்டில் மூன்று பட்டை வெட்டிப் பிஸ்டன்மேல் வைத்து, ரிங்கை அதன்மேல் வழுக்கி இறக்குங்கள். பாதிக்குப் பாதி உடைவது அதிலேயே நின்றுவிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: இவ்வளவு பாடு எதற்கு, ஓ-ரிங் போட்டால் ஆகாதா?

ஆகும். தண்ணீர்த் தொட்டி வைத்த, மெதுவாக ஓடும் எஞ்சினுக்கு வைட்டான் ஓ-ரிங் நன்றாகவே வேலை செய்யும், ஏறக்குறைய 200 டிகிரி வரை தாங்கும். கறுப்பு நைட்ரைல் வேண்டாம், சூட்டில் கல்லாகிவிடும். அழுத்தி நசுக்கும்படி பள்ளம் வெட்டாதீர்கள், ரிங் லைனரை லேசாகத் தொட்டால் போதும். முதல் எஞ்சினுக்கு இது வெட்கப்படவேண்டிய வழியில்லை.

வெருலம்: ஐந்து நிமிடம் ஓடி, பிஸ்டன் இறுகி நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி சுற்றுகிறது.

கணக்குப் போடுங்கள். அலுமினியம் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 23 மைக்ரான் விரியும், வார்ப்பிரும்பு 11. பிஸ்டன் 150 டிகிரி சூடேறினால் 24 மி.மீ. விட்டத்தில் 0.083 மி.மீ. வளரும். தண்ணீர் சூழ்ந்த லைனர் 75 டிகிரி ஏறினால் 0.02. வித்தியாசம் 0.06. ஆகவே குளிர்ந்த நிலையில் 0.07 இடைவெளி வேண்டும். கையில் 'அருமையாக' வழுக்கும் 0.02 பொருத்தம் அலுமினியத்துக்கு ஆகாது. காற்றை அடைப்பது ரிங்கின் வேலை.

லைனரையும் சந்தேகப்படுங்கள். போரிங் முடித்து 0.03 மி.மீ. மிச்சம் வைத்து, விரிக்கக்கூடிய பித்தளை லேப்பால் (அரைப்பொடி தடவித் தேய்க்கும் உருளை) 400, பிறகு 800 கிரிட் போடணும். லேப்பில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெளியே போனால் வாய் அகன்று மணி வடிவமாகும். கழுவ பெட்ரோல் போதாது. வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் பிரஷ்ஷும் வேண்டும். வெள்ளைத் துணி கறுக்காமல் வரும்வரை கழுவணும், இல்லையென்றால் மிச்ச கிரிட் ரிங்கைத் தின்றுவிடும்.

டர்பன், நகரத்திலிருந்து: லைனரை இரவு லேப் செய்து வைத்தால் காலையில் துரு.

கடல் காற்று. அதிலும் விரல் வேர்வை பட்ட இடம் ரேகையோடு துருவாகும். கழுவின கையோடு உலர்த்தி, லேத் ஸ்லைடுக்கு விடும் 68 எண் எண்ணெயைத் தடவி மூடிய டப்பாவில் வையுங்கள். மெல்லிய ஸ்ப்ரே எண்ணெய் ஒரு வாரத்தில் காற்றோடு போய்விடும்.

ஐசிபிங்கோவிலிருந்து: கிராங்க் ஷாஃப்டை முழுக் கம்பியில் திருப்பவா, ஒட்டிச் செய்யவா?

முதல் தடவையென்றால் ஒட்டுங்கள். 10 மி.மீ. சில்வர் ஸ்டீல் கம்பியை ஒரே துண்டாக விட்டு, இரண்டு தகடுகளையும் கிராங்க் பின்னையும் லாக்டைட் 638 பசை போட்டுச் சேர்க்கணும். முன்னதாக அசிட்டோனால் துடைக்கணும், இடைவெளி 0.03 இருக்கணும். அடித்து இறுக்கினால் பசை வழிந்து வெளியே போய்விடும். 24 மணி நேரம் விட்டுக் குறுக்கே 2 மி.மீ. பின் ஒன்றை அடித்திறக்குங்கள். கடைசியில்தான் நடுக்கம்பியை அறுத்தெடுக்கணும். முதலில் அறுத்தால் இரண்டு பக்கமும் நேராக நிற்காது.

ஃபீனிக்ஸிலிருந்து இன்னொருவர்: ஹால் சென்சார் (காந்தத்தை உணர்வது) வைத்த சிடிஐ பெட்டி (ஸ்பார்க் கொடுக்கும் மின்பெட்டி) வாங்கினேன். ஸ்பார்க்கே இல்லை.

காந்தத்தைத் திருப்பி ஒட்டுங்கள், சென்சாருக்கு ஒரு துருவம்தான் தெரியும். பிளக் உடம்பு எஞ்சினில் பட்டுக்கொண்டு இருக்கணும். பிளக்கைத் தனியே தொங்கவிட்டு அந்தப் பெட்டியைச் சோதித்தால் அதுவே புகைந்துபோகும். பிளக் இடைவெளி 0.4 மி.மீ., ஸ்பார்க் உச்சத்துக்கு 15 டிகிரி முன்னால். ஸ்டார்ட் செய்யும்போது ஃப்ளைவீல் கையைத் திருப்பி அடித்தால் 5 டிகிரிக்குக் குறையுங்கள்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: டர்பனில் மாமா வீட்டில் அருமையாக ஓடின எஞ்சின் இங்கே கறுப்புப் புகை விடுது. என்ன ஆச்சு?

எஞ்சினுக்கு ஒன்றுமில்லை, ஊருக்குத்தான். ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்று கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் மட்டும் பழைய அளவில் வருகிறது. பெட்ரோல் அளவை மாற்றும் நீடிலைக் கால் சுற்றுக் கால் சுற்றாக மூடுங்கள். பலமும் அதே அளவு குறையும். அதை ஈடுகட்டக் கம்ப்ரெஷன் விகிதத்தை 6லிருந்து 7க்கு ஏற்றலாம். பிஸ்டன் உச்சத்தில் இருக்கும்போது பிளக் துளை வழியே ஊசிக்குழாயால் பாரஃபின் விட்டு அளங்கள். 2.2 மி.லி. பிடித்தால் 6, 1.8 பிடித்தால் 7. அங்கே பம்பில் விற்கும் 93 ஆக்டேனே இதற்கு மிஞ்சியது.

அப்படியும் தீரவில்லையென்றால் கார்புரேட்டர் துளையைப் பாருங்கள். 5 மி.மீ. துளையில் 2 மி.மீ. ஸ்ப்ரே பார் (பெட்ரோல் வரும் மெல்லிய குழாய்) குறுக்கே போனால் காற்றுக்கு மிஞ்சுவது சுமார் 9.6 சதுர மி.மீ. "நிறைய காற்று போகட்டும்" என்று 8 மி.மீ. போட்டால் அது 34 ஆகும், வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழும். வேகமில்லாத காற்று பெட்ரோலை உறிஞ்சாது. ஆள் நீடிலைத் திறந்துகொண்டே போவார், பெட்ரோல் சொட்டும். டாங்க் மட்டம் ஜெட்டுக்கு 10 முதல் 15 மி.மீ. கீழே இருக்கட்டும். நீடிலுக்குத் தையல் ஊசியைவிட நல்ல பொருள் கடையில் இல்லை.

மாரிட்ஸ்பர்க், ஒரு அக்கா: பாட்டி விளக்கெண்ணெயைப் பெட்ரோலில் கலந்தால் உராய்வு குறையும் என்கிறார்களே?

மெத்தனாலில் ஓடும் குளோ எஞ்சினுக்கு (சூடான கம்பியால் பற்றும் எஞ்சின்) விளக்கெண்ணெய் உயிர், 20 சதவீதம் வரை சேர்ப்பார்கள். பெட்ரோலில் அது சரியாகக் கரையாது, டாங்க் அடியில் பிரிந்து நின்று ஜெட்டை அடைக்கும். நம் எஞ்சினுக்கு டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை 50க்கு 1 கலந்தால் போதும்.

டோங்காட்டிலிருந்து: இந்த எஞ்சினை வைத்து ஒரு குட்டிக் கரும்பு ஆலையைச் சுற்றவைக்கலாமா?

காட்சிக்குச் சுற்றும். நிஜக் கரும்பை நுழைத்தால் நின்றுவிடும். 4க்கு 1 பெல்ட் குறைப்பு வையுங்கள், உருளைகளுக்கு நடுவே சோளத்தட்டையைக் கொடுங்கள். தொட்டித் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் எஞ்சினை நிறுத்தாதீர்கள், கொதிக்கட்டும். அளவு குறையக் குறைய ஊற்றிக்கொண்டே இருந்தால் போதும்.