எட்டும் மனப்பாடம், அதனால்தான் மானம் போனது

கேள்வி: ஆங்கிலத்தில் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச், அதாவது சொல் வகைகள், எட்டும் மனதில் நிற்கமாட்டேன் என்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க எளிய வழி உண்டா?

நிற்காததே நல்லது. எனக்கு நன்றாக நின்றது, அதனால் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

நீங்களும் என்னைப் போலத் தமிழ் மீடியமாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலீஷ் மீடியத்துக்காரர்கள் இதைத் தெரியாவிட்டாலும் கேட்கமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் எட்டையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். நவுன் என்றால் பெயர், வெர்ப் என்றால் செயல், பெயரை வர்ணிக்கும் அட்ஜெக்டிவோடு 'லி' சேர்த்தால், செயலை வர்ணிக்கும் அட்வெர்ப். ஸ்லோ, ஸ்லோலி. குயிக், குயிக்லி. கோடிட்ட இடத்தில் முழு மதிப்பெண்.

அந்த 'லி'யை நம்பித்தான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன், ஆர்டர்களைக் கவனித்து மெயில் போடும் வேலை. ஒருமுறை சாயப்பட்டறையிலிருந்து துணி வராமல் ஆர்டர் தாமதம். பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், காட்டமாக மெயில் போட்டிருந்தார். 'உங்கள் ஆர்டருக்காகக் கடுமையாக உழைக்கிறோம்' என்று பதில் எழுத வேண்டும். ஹார்ட் என்பது அட்ஜெக்டிவ். உழைப்பது வெர்ப். வெர்ப்புக்கு அட்வெர்ப்தானே வர வேண்டும்? 'வி ஆர் ஒர்க்கிங் ஹார்ட்லி ஆன் யுவர் ஆர்டர்' என்று தட்டி, முதலாளிக்கும் ஒரு காப்பி வைத்து அனுப்பினேன்.

ஹார்ட்லி என்றால் 'இல்லை என்றே சொல்லிவிடலாம்' என்கிற அளவுக்குக் குறைவு. அதாவது, உங்கள் ஆர்டரை நாங்கள் தொடுவதே அபூர்வம் என்று எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பையரிடமிருந்து ஒரே வரி வந்தது: 'யெஸ், ஐ ஹேவ் நோட்டிஸ்ட்.' ஆமாம், நானும் கவனித்தேன் என்று குத்தல். அதுவும் எனக்குப் புரியவில்லை. 'தேங்க்யூ சார்' என்று பதில் போட்டேன்.

ஹார்ட், ஃபாஸ்ட், லேட் எல்லாம் அட்ஜெக்டிவாக இருக்கும் அதே உருவத்தில் அட்வெர்பாகவும் வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் கம்பெனி வாசலில் 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்று போர்டு தொங்கும். இரண்டும் இரண்டு வகைத் தையல் மிஷின். ஆள் ஒருத்தர்தான். இன்றைக்கு ஓவர்லாக்கில் உட்கார்ந்தால் ஓவர்லாக் டெய்லர், நாளைக்கு பேட்லாக்கில் உட்கார்ந்தால் பேட்லாக் டெய்லர். வார்த்தையும் அப்படித்தான். 'ரவுண்ட்' ஒன்றையே பாருங்கள். ரவுண்ட் நெக் டிஷர்ட்டில் அட்ஜெக்டிவ். செக்கிங் இரண்டாவது ரவுண்ட் போகிறது என்றால் நவுன். பாக்கெட் முனையை ரவுண்ட் பண்ணச் சொன்னால் வெர்ப். தையல் 'ரவுண்ட் தி காலர்', அதாவது காலரைச் சுற்றி, ஓடினால் பிரிப்பொசிஷன். அதனால் தனிச் சொல்லை நீட்டி 'இது என்ன' என்று கேட்காதீர்கள். வாக்கியத்தில் எந்த மிஷினில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இலக்கணம் படித்தவர்கள் கமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம். 'தி', 'திஸ்' மாதிரி பெயருக்கு முன்னால் வரும் டிடர்மினரைத் தனியாக எண்ண வேண்டும் என்பீர்கள், சரி. எட்டு என்ற கணக்கே கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. லத்தீனில் ஆர்ட்டிகிள் ('தி' போன்ற சொல்) கிடையாது என்று அதை எடுத்துவிட்டு, 'ஐயோ' மாதிரியான இன்டர்ஜெக்ஷனைப் போட்டு எட்டைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். நம்மிடம் பெயர், வினை, இடை, உரி என்று நான்குதான். ஆனால் அட்ஜெக்டிவுக்கு நேராக உரிச்சொல் என்று அச்சடிக்கும் கைடுகளை நம்பாதீர்கள். சால, உறு, தவ, நனி போன்றவைதாம் உரிச்சொல். 'நல்ல பையன்' என்பதில் 'நல்ல' பெயரெச்சம். பிரிப்பொசிஷனில்தான் நாம் அதிகம் இடறுவோம். 'பெட்டியில்' என்று நமக்கு வாலில் ஒட்டுவது, அவர்களுக்கு 'இன்' என்று தனியாக முன்னால் வந்து நிற்கும்.

தினம் வேலையில் வரும் ஐந்து மெயிலை எடுத்து, ஒவ்வொரு வார்த்தையும் என்ன வேலை செய்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். நான் செய்தது அவ்வளவுதான். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள், நான் கட்டியது திரும்பவே இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆபீசில் புதிதாக வந்த பையனுக்கு என்னைவிட நாலாயிரம் அதிகம், இங்கிலீஷ் சரளமாம். 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) துணியையும் 180 ஜிஎஸ்எம் துணியையும் கையில் கொடுத்தால் எது கனம் என்று சொல்லத் தெரியாது.

அந்த பையர் இன்னும் ஆர்டர் தருகிறார். போன வாரம் மெயிலில் 'யூ ஆர்' வர வேண்டிய இடத்தில் 'யுவர்' என்று போட்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.